முள்ளின் மடியில் வளரும் வேம்பு

சென்ற மாதம் அண்டை ஊர் ஜமாஅத் தலைவர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னைக் காண வந்திருந்தார். அவர்கள் ஊர்க் கபர்ஸ்தான் முள்ளும் புதருமாக மண்டிக் கிடப்பதாகவும், மழைக்கு முன்னர் மண் அள்ளும் இயந்திரத்தை விட்டு அனைத்தையும் வழித்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் நூறு மரக்கன்றுகள் நட நிர்வாகிகள் தீர்மானித்திருப்பதாகவும் கூறினார்.

"என்ன மரம் வச்சா நம்ம காட்டுல நிக்கும் ஹஜ்ரத்? ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்க" என்றார்.

"பட்டியலை அப்புறம் எழுதுவோம் பாய். முதல்ல அந்த மெஷினை வர வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. மரம் நடுவது நிலையான தர்மம் என்று மிம்பரிலிருந்து பலமுறை கேட்டுப் பழகியவர் அவர். அதற்குக் குறுக்கே நிற்கும் ஒரு மௌலவியை அதுவரை கண்டிருக்கமாட்டார். அன்று அவருக்கு நான் சொன்ன விளக்கத்தை வாசக சகோதர சகோதரிகளிடமும் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என்று எண்ணுகிறேன். ஏனெனில், அவர் செய்யவிருந்த பிழையை அவருக்கு முன்பே செய்து முடித்தவன் நான்.

அறுபதில் நான்கு

ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கபர்ஸ்தானைச் சீர்செய்ய வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவன் நானே. ஜனாஸாவைச் சுமந்து வருவோர் உச்சி வெயிலில் ஒதுங்கி நிற்க ஒரு நல்ல நிழல் இல்லையே என்பது என் ஆதங்கம். இயந்திரம் வந்தது. இரண்டே நாட்களில் உடைமரம், சங்கஞ்செடி, காரை, சூரை, இலந்தை யாவும் வேரோடு பெயர்ந்து ஒரு மூலையில் குவிந்தன. எல்லைக்கல் வரை ஒரு மறைவுமின்றி நிலம் பளிச்சென்று தெரிந்தது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐப்பசி மழையில் வேம்பும் புங்கனுமாக அறுபது கன்றுகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் கூண்டு வைத்தோம். மதரஸாப் பிள்ளைகள் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.

தை பிறந்ததும் மழை ஓய்ந்தது. மாசியில் கரிசல் வெடித்தது. பங்குனியில் கண்மாய் வற்றவே, வண்டியில் தண்ணீர் வாங்குவதற்கு வீடுதோறும் பணம் திரட்டினோம். வைகாசி முடிவில் எண்ணிப் பார்த்தபோது அறுபதில் நான்கு கன்றுகளே எஞ்சியிருந்தன.

அப்போதுதான் கபர்க்குழி வெட்டும் பெரியவர் என்னை வடகிழக்கு மூலைக்கு அழைத்துச் சென்றார். பழைய கபர்கள் நெருங்கிக் கிடந்ததால் இயந்திரம் நுழைய முடியாமல் விட்டுப்போன இடம் அது. அங்கே ஓர் உடைமரமும் அதன் அடியில் சங்கம் புதரும் தப்பி நின்றன. தம் கைக்கம்பால் புதரை மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே இடுப்பளவு உயரத்தில் மூன்று வேப்பங்கன்றுகள்! இலையில் வாட்டம் இல்லை. அவற்றை யாரும் நடவில்லை, யாரும் நீர் வார்க்கவில்லை, கூண்டும் வைக்கவில்லை.

"நாம ஊத்துன தண்ணியில ஒரு சொட்டு இதுகளுக்கு வரல ஹஜ்ரத். தாயை வெட்டிப் போட்டுட்டு, பிள்ளைக்குப் பால் ஊத்திக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர் அவர். ஆனால் அவர் ஒரு வரியில் சொன்னதைத்தான் தாவரவியல் அறிஞர்கள் பல்லாண்டுகள் ஆராய்ந்து, அளந்து, எழுதிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகு நூல்களைத் தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன்.

பெறாத தாய்

செடிகள் ஒன்றோடொன்று போட்டியிடுபவை என்றே நாம் பாடம் படித்திருக்கிறோம். ஒரே மண்ணின் நீருக்கும் உரத்துக்கும் ஒரே வெளிச்சத்துக்கும் அவை மோதிக்கொள்கின்றன. வயலில் களை எடுப்பதும் இதனால்தான். இது பொய்யன்று. ஆனால் முழு உண்மையும் அன்று.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். திருச்சுழியை ஒட்டிச் செல்லும் குண்டாறு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வெறும் மணலாகவே கிடக்கும். இத்தகைய பூமியில் ஓர் இளங்கன்றுக்கு முதல் பகை பக்கத்துச் செடியன்று. வெயிலும் வறட்சியும் ஆட்டின் வாயுமே. அவற்றிலிருந்து காக்க ஒரு துணை வேண்டும். பெற்ற தாய் அல்லாவிடினும் எடுத்து வளர்ப்பவளைத் தமிழில் செவிலி என்கிறோம். வேற்றினக் கன்றைத் தன் நிழலில் வளர்த்து ஆளாக்கும் செடியைத் தாவரவியலாரும் ஏறத்தாழ இதே பொருளுள்ள பெயரால்தான் அழைக்கின்றனர். செவிலிச் செடி என்று நாம் சொல்லலாம்.

அந்தச் செவிலி என்னென்ன செய்கிறாள்?

முதலாவது நிழல். காற்றின் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தொடும் நாளில், வெயில் நேரே படும் வெறும் மண்ணின் மேற்பரப்பு 55 பாகையையும் தாண்டிச் சுடும். அப்போது முளைத்த பிஞ்சுத் தண்டு மண்ணைத் தொடும் இடத்திலேயே வெந்து சாய்ந்துவிடுகிறது. நிழல் விழும் மண்ணில் சூடு பெரிதும் தணிகிறது. ஈரமும் மெல்ல உலர்கிறது. உடைமரத்தின் நிழலோ அளவானது. குடை விரித்தாற்போன்ற அதன் தட்டையான தலையிலுள்ள சிற்றிலைகள் உச்சி வெயிலைச் சலித்து விடுமேயன்றி, வெளிச்சத்தை முற்றாக மறைப்பதில்லை. இக்காரணத்தால் குடைவேலம் என்றும் இதற்குப் பெயருண்டு. தென்னிந்தியாவும் இலங்கையுமே இம்மரத்தின் தாயகம்.

இரண்டாவது மண். உடை, வெள்வேல், வன்னி முதலியன அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பத்து மரங்கள் பலவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக மாற்றித் தருகின்றன. உதிரும் இலையும், காற்று கொண்டுவந்து சேர்க்கும் புழுதியும், பறவை எச்சமும் புதரடியில் சேர்ந்து மக்குகின்றன. பொட்டல் வெளியில் ஒவ்வொரு புதரடியும் ஒரு வளமான தீவாகிறது.

மூன்றாவது காவல். சங்கஞ்செடியின் ஒவ்வொரு கணுவிலும் நான்கு முட்கள் உண்டு. ஆடு தலையை நீட்டத் தயங்கும். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய இரும்புக் கூண்டை, அது செலவில்லாமல் வைத்திருந்தது.

நான்காவது விதை. வேப்பம்பழம் தின்ற காகமும் மைனாவும் வந்து அமர ஒரு கிளை வேண்டும். அமர்ந்த இடத்தில் முத்து விழுகிறது. வேப்பமுத்தோ நெல்மணியைப் போல மாதக்கணக்கில் காத்திருக்காது. சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். வெறும் கரிசலில் விழுந்தால் காய்ந்து பதராகும். சருகின் ஈரத்தில் விழுந்தால் ஒரு சிறு கோடைமழையிலேயே முளைத்துவிடும்.

இரவில் ஏறும் நீர்

ஐந்தாவது உதவிதான் என்னை மிகவும் வியக்கவைத்தது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வறண்ட வெளிகளில், சேஜ்பிரஷ் என்னும் ஆழவேர்ப் புதரை ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், மார்ட்டின் கால்டுவெல் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்தனர். பகல் முழுவதும் இலைகள் நீரை இழுத்துக் காற்றில் விடுகின்றன. இரவில் இலைத்துளைகள் மூடிக்கொண்டதும் அந்த இழுவை நின்றுபோகிறது. ஆனால் ஆழத்து ஈரமண்ணிலிருந்து வேருக்குள் ஏறும் நீர் நிற்பதில்லை. அது மேலேயுள்ள காய்ந்த மண்ணில் படர்ந்த வேர்கள் வழியே கசிந்து, அம்மண்ணை நனைக்கிறது. 1987-ஆம் ஆண்டு இதை அவர்கள் வெளியிட்டனர். அந்த நீர் பக்கத்துச் செடிக்குப் போய்ச் சேருமா என்ற கேள்வி எழுந்தது. அடையாளம் காணத்தக்க கன நீரைப் புதரின் ஆழ்ந்த வேர்களுக்கு ஊட்டிப் பார்த்தனர். அருகில் முளைத்திருந்த புல்லின் தண்டில் அதே நீர் இருக்கக் கண்டு 1989-ஆம் ஆண்டு அறிவித்தனர்.

எல்லாச் செடிகளும் இவ்வாறு செய்வதில்லை. செய்பவை தம் தேவைக்காகவே செய்கின்றன. விடிந்ததும் அந்நீரில் பெரும்பகுதியைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. ஆயினும் ஊர் உறங்கும் வேளையில் ஆழத்திலிருந்து ஏறிவரும் நீரில் ஒரு வாய், அண்டை வீட்டாருக்கும் கிடைத்துவிடுகிறது.

கிரனாடாவின் மலைச்சரிவில்

"அமெரிக்காவில் நடப்பது அங்கே இருக்கட்டும், கன்று நட்டுப் பார்த்தவர்கள் உண்டா?" என்று ஜமாஅத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்வி.

அல்ஹம்ரா மாளிகையின் படங்களை நம் இல்லங்கள் பலவற்றில் கண்டிருப்பீர்கள். மாளிகைக்குப் பின்னால் பனி மூடிய மலைத்தொடர் ஒன்று தெரியும். அதுவே சியரா நெவாடா. அதன் சரிவுகளிலும் நம்மூரைப் போன்றே, மரம் நடுவதற்கு முன் புதர்களைப் போட்டியாகக் கருதி அழித்துவிடும் வழக்கம் இருந்துவந்தது. அவ்வழக்கம் சரிதானா என்று சோதிக்க, 1996 முதல் 2001 வரை 18,000-க்கும் மேற்பட்ட கன்றுகள் புதரை ஒட்டியும், புதரில்லாத வெளியிலும் நடப்பட்டன. மொத்தம் 146 நடவுகள். 11 வகை மரக்கன்றுகள். 16 வகைப் புதர்கள். முடிவுகளைக் கிரனாடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

புதரை ஒட்டி நட்ட கன்றுகளே பொதுவாக அதிகம் பிழைத்தன. அதிலும் வெயில் மிகுந்த, வறண்ட சரிவுகளில்தான் புதரின் உதவி மிகுதியாக இருந்தது. எல்லாப் புதரும் ஒன்றுபோல் உதவவில்லை என்பதும் தெரிந்தது. அவரைக் குடும்பத்துப் புதர்களும் முட்புதர்களும் நன்கு உதவின. சிஸ்டஸ் இனத்துப் புதர்கள் உதவவில்லை. நாங்கள் இயந்திரம் வைத்துப் பிடுங்கி எறிந்தவையோ, அவரைக் குடும்பத்து மரமும் முட்புதர்களுமே!

நிலை கடுமையாகும்போது செடிகளுக்கிடையே போட்டி குறைந்து உதவி மிகும் என்னும் கருத்தை மார்க் பெர்ட்னஸ், ரேகன் கால்லவே என்ற அறிஞர்கள் 1994-ஆம் ஆண்டிலேயே முன்வைத்திருந்தனர். நல்ல மழையில் அண்டையார் போட்டியாளர். பஞ்சத்தில் அவரே துணை. கரிசல் காட்டில் பஞ்சம் கண்ட குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று.

நம் முன்னோர் அறிந்ததே

நம் விவசாயிகள் இவ்வறிவை என்றோ வயலுக்குக் கொண்டுவந்துவிட்டனர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். முதலில் அகத்தியை விதைத்து, அது எழுந்து நிழல் தந்த பின்னரே கொடியை நடுவார்கள். கொடி படரக் கொம்பும், வாடாதிருக்க நிழலும், மண்ணுக்கு உரமும் அகத்தி ஒன்றே தந்துவிடுகிறது. இராஜஸ்தானத்து உழவர்கள் கம்பு வயலின் நடுவே நிற்கும் வன்னியை வெட்டுவதில்லை. அம்மரத்தடி மண்ணில் சத்து மிகுந்திருப்பதை ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளும் காட்டியுள்ளன.

புஞ்சையில் கேழ்வரகுக்கும் சோளத்துக்கும் ஊடே துவரையை ஏன் விதைத்தார்கள்? ஒன்று பொய்த்தால் மற்றொன்று கை கொடுக்கும் என்பது நாமறிந்த காரணம். மண்ணுக்குள் வேறொரு காரணமும் இருந்திருக்கிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தாரும் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் சேர்ந்து துவரையையும் கேழ்வரகையும் ஆராய்ந்தனர். துவரையின் வேர் ஆழமானது. கேழ்வரகின் வேர் மேலோட்டமானது. இவ்விரண்டு வேர்களையும் மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் மெல்லிழைகள் வலைபோல் இணைக்கின்றன. துவரை ஆழத்திலிருந்து கொண்டுவரும் நீர் இவ்வலையின் துணையால் கேழ்வரகுக்கு எட்டி, வறட்சியைத் தாங்க உதவுவதைத் தொட்டிச் சோதனைகளில் கண்டு, 2018, 2019-ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். பெங்களூருவிலும் நமது கொல்லிமலையிலும் வயல்களில் விதைத்துப் பார்த்தனர். எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளி விட்டு விதைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பயன் அமையும் என்பதும் புலப்பட்டது. நெருக்கி விதைத்தால் துணையே போட்டியாகிவிடும்.

இன்று நம் பக்கத்துப் புஞ்சைகளில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம் ஒன்றே நிற்கிறது. ஒரு மழை தவறினால் முழு நிலமும் ஒரே நாளில் வாடுகிறது. ஊடே நின்ற துவரையை இழந்தபோது, எதை இழந்தோம் என்பதை அறியாமலேயே இழந்தோம்.

எல்லா முள்ளும் செவிலியன்று

இவ்வளவு சொன்ன பின் ஓர் எச்சரிக்கையும் அவசியம். "அப்படியானால் சீமைக்கருவேலத்தையும் வெட்டக்கூடாதா?" என்று வாசகர்கள் கேட்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம், நம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடிப் படர்ந்துவிட்டது. அதன் இலைச்சருகிலுள்ள பொருட்கள் பிற விதைகள் பலவற்றின் முளைப்பைத் தடுப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை அகற்றுவதில் தவறில்லை. ஆனால் இயந்திரத்துக்குச் சீமை முள் எது, நாட்டு முள் எது என்று தெரியாது. சீமைக்கருவேலத்தைப் பிடுங்குகிறோம் என்ற பெயரில் உடையையும் வன்னியையும் சங்கையும் சேர்த்தே அள்ளிவிடுகிறோம். ஆளை விட்டு, பார்த்துப் பார்த்து வெட்டவேண்டிய வேலை இது.

உதவிக்கும் ஒரு காலம் உண்டு. பனையின் மட்டைச் சந்தில் பறவை இட்ட ஆலம்விதை முளைத்து, பனையைப் பற்றியே வளர்ந்து, முடிவில் பனையையே நெரித்துவிடுவதை நாம் பார்த்ததில்லையா? வளர்த்தவளை மறப்பது மனிதர்களிடம் மட்டும் உள்ள குணமன்று போலும். எனவே கன்று தலையெடுத்த பிறகு புதரையும் கன்றையும் கவனித்து, கிளை கழித்து, இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது நம் பொறுப்பாகும்.

செய்ய வேண்டியவை

கபர்ஸ்தானிலோ, தரிசிலோ, வீட்டுக் கொல்லையிலோ மரம் வளர்க்க விரும்புவோர் பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

1. முதலில் புதருக்குள் குனிந்து பாருங்கள். பறவைகள் விதைத்த வேம்பும் புங்கனும் அங்கே முன்பே வளர்ந்துகொண்டிருக்கலாம். அவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டி அடையாளம் வையுங்கள்.

2. நாட்டு முட்களை வேரோடு பெயர்க்காதீர்கள். பாம்புக்கு அஞ்சுவது இயல்பே. நடைபாதையையும், கபர் வெட்டும் இடத்தையும் மட்டும் சுத்தம் செய்து, தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டால் போதுமானது.

3. புதிய கன்றைப் புதரின் கிழக்குப் புறத்தில், அதன் நிழல் விளிம்புக்குள் நடுங்கள். பிற்பகலின் கொடும் வெயிலைப் புதர் தடுத்துவிடும். தண்டை ஒட்டி நட்டால் வேரோடு வேர் மோதும்.

4. முதல் நல்ல மழை இறங்கியதும் நட்டுவிடுங்கள். மழை ஓயும் தறுவாயில் நட்ட கன்றுக்கு வேர் இறக்க நாள் போதாது.

5. உதிர்ந்த இலைச்சருகைக் கூட்டித் தீ வைக்காதீர்கள். அதுவே கன்றுக்குப் போர்வையும் உணவுமாகும்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்ட ஜமாஅத் தலைவர் உடனே ஒரு முடிவும் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. நிர்வாகிகள் என்ன சொல்வார்களோ என்ற தயக்கம் அவருக்கு. "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு முடிவு செய்வோம்" என்று அவர்கள் ஊருக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் ஊர்ப் பெரியவரும் கம்புடன் உடன் வந்தார். மஃக்ரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை மூவரும் புதர் புதராக விலக்கிப் பார்த்தோம். வேம்பு பதினொன்று, புங்கன் இரண்டு. பாதி நிலத்தைக்கூட நாங்கள் பார்த்து முடிக்கவில்லை.

நூறு கன்றுகளை விலை கொடுத்து வாங்கவிருந்த அந்த மனிதர், பதின்மூன்றாவது கன்றின் முன் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு தம் தோள் துண்டின் ஓரத்தைக் கிழித்து அதன் கிளையில் கட்டினார். ஜமாஅத் கூட்டம் வருகிற வெள்ளிக்கிழமை கூடுகிறது. அங்கே பேசவேண்டியதை இனி நான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் கபர்ஸ்தானின் வடகிழக்கு மூலையில் இருந்த அந்த மூன்று வேம்புகளும் இப்போது உடைமரத்தை விஞ்சி வளர்ந்துவிட்டன. சென்ற கோடையில் ஒரு ஜனாஸாவுக்கு வந்திருந்தோர் அவற்றின் நிழலில்தான் நின்றார்கள். அடியிலிருந்த சங்கம் புதரை இன்னும் வெட்டாமல் விட்டிருக்கிறோம்.